கிரெடிட் யூனியன் பேட்ச் ஷெட்யூலர்: மூன்று வருடம் கட்டி மேய்த்த பிறகு

பேட்ச் ஷெட்யூலர் என்பது கிளை மூடிய பிறகு இரவில் ஓட வேண்டிய கணக்கு வேலைகளை (ஜாப்களை) வரிசைப்படி தானே ஓட்டும் மென்பொருள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் வைத்திருப்பதன் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து ஒரு காரணம், அதை விற்றவர்களின் சப்போர்ட் ஆட்களிடம் நாளைக்கும் நான்தான் பேசியாக வேண்டும் என்பது இன்னொரு காரணம். இந்த வகை மென்பொருளை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், ஏற்கெனவே வாங்கிவிட்டு இரவில் தூக்கம் கெட்டவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். டெமோவில் காட்டும் கலர் கலரான டாஷ்போர்டைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது, அதை நான் திறந்தே பல மாதம் ஆகிறது.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில் ஒரு நடுத்தர அளவு கிரெடிட் யூனியனில். வங்கி மாதிரிதான், ஆனால் பணம் போட்டவர்களே உரிமையாளர்கள், அதனால் மென்பொருளில் சேமிப்புக் கணக்குக்குப் பெயர் ‘ஷேர்’, வட்டிக்குப் பெயர் ‘டிவிடெண்ட்’, செக்குக்குப் பெயர் ‘ஷேர் டிராஃப்ட்’. வங்கி மென்பொருளில் பழகிவிட்டு இங்கே வருகிறவர் முதல் வாரம் முழுக்க மெனுவில் சேமிப்புக் கணக்கைத் தேடிக்கொண்டிருப்பார், நானும் தேடியிருக்கிறேன்.

பகலில் கவுண்டரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கிளை மூடிய பிறகு நடப்பதுதான் என் பாடு. ஏசிஎச் (வங்கிகளுக்கு இடையே சம்பளம், பிடித்தம் போன்றவற்றை மின்னணு முறையில் கடத்தும் அமைப்பு) ஃபைல் வந்து போஸ்ட் ஆக வேண்டும், அதாவது கணக்குகளில் ஏற வேண்டும், டிராஃப்ட் க்ளியரிங், கார்டு பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பது, கடன் தவணைப் பிடித்தம், டிவிடெண்ட், ஜிஎல் (பொதுப் பேரேடு), ஸ்டேட்மெண்ட், பேக்கப். இதில் வரிசை ஒன்று பிசகினாலும் காலையில் போன் அடிக்கும். ஒரு உறுப்பினருக்குச் சம்பளமும் வருகிறது, அதே இரவில் காப்பீட்டு பிரீமியம் பிடிக்கச் சொல்லி ஒரு டெபிட்டும் வருகிறது என்று வையுங்கள். வரவு முதலில் ஏறினால் ஒரு தொல்லையும் இல்லை. டெபிட் முதலில் ஓடினால் கணக்கில் பணமில்லை என்று ஆர்01 கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடும், அபராதமும் விழும், அதற்கு அடுத்த நிமிடமே சம்பளம் வந்து உட்காரும். அந்த மனிதர் போனில் கத்துவதில் என்ன தப்பு? இரண்டும் வந்த இரவில் எது முந்தியது என்பதை முடிவு செய்தது எங்கள் ஜாப் ஃபைலில் இருந்த இரண்டு வரிகள்தான்.

சரி, ஜாப் ஃபைலுக்கு வருகிறேன், இந்த மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்ததும், ஒரு காலத்தில் என்னை அழ வைத்ததும் அதுதான். அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல். அந்தக் காலத்தில் ஆபரேட்டர் ஒருவர் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து, புரோகிராம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தட்டுவார்: எந்தத் தேதிக்கு, எந்தக் கிளைக்கு, ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கவா, இருப்பே இல்லாத கணக்குகளையும் சேர்க்கவா. அந்த ஆபரேட்டரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அவர் தட்டிய பதில்களை மட்டும் மேலிருந்து கீழாக எழுதி வைத்தால் அதுதான் ஜாப் ஃபைல். முதல் வரியில் புரோகிராமின் பெயர், கீழே பதில்கள், அவ்வளவுதான். எந்த எடிட்டரிலும் திறக்கலாம், இரண்டு ஃபைல்களை வைத்து ஒப்பிடலாம், நேற்று வந்த பையனுக்குக்கூடப் பத்து நிமிடத்தில் புரிய வைக்கலாம். கட்டத்தைக் கட்டத்தோடு இழுத்து அம்புக்குறி போடும் ஷெட்யூலர்களையும் பயன்படுத்தியிருக்கிறேன், நாற்பது கட்டம் தாண்டினால் அது நூல்கண்டு சிக்கல் மாதிரி ஆகிவிடும், எங்கே எது மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய வெர்ஷனில் ஒரே ஒரு பெரிய ஓட்டை. பதில்கள் வரிசைப்படிதான் பொருந்தும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று ஃபைலில் எங்கும் எழுதியிருக்காது. ஒரு அப்கிரேடில் நிறுவனம் ஒரு ரிப்போர்ட் புரோகிராமில் புதிதாக ஒரு கேள்வியை நடுவில் செருகியது. ரிலீஸ் குறிப்பில் நாற்பதாவது பக்கத்தில் ஒரு வரியாக அது இருந்தது, யார் படிப்பது. அன்று இரவு எங்கள் பதில்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. ‘பிரிண்ட் வேண்டாம்’ என்று சொல்ல வைத்திருந்த ‘இல்லை’, ‘மூடிய கணக்குகளை விலக்கவா’ என்ற கேள்விக்குப் பதிலாகப் போய் உட்கார்ந்தது. ஜாப் பச்சை விளக்கோடு முடிந்தது, பிழை என்று ஒரு எழுத்துகூட லாகில் (ஓட்டத்தைப் பதியும் குறிப்பு ஃபைல்) இல்லை. பல வருடம் முன்பு கணக்கை மூடிவிட்டுப் போனவர்கள் பெயரெல்லாம் தவணை தவறியோர் பட்டியலில் வந்து நிற்கிறது என்று வசூல் பிரிவில் இருந்து கேட்டபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, அது வெறும் ரிப்போர்ட். போஸ்டிங் புரோகிராமில் அப்படி நடந்திருந்தால் இதை எழுத எனக்கு வேலை இருந்திருக்குமா என்று தெரியாது.

இப்போதைய வெர்ஷனில் இதற்கு மருந்து இருக்கிறது. பதிலுக்குப் பக்கத்திலேயே கேள்வியின் பெயரையும் எழுதலாம், புரோகிராம் கேட்கும் கேள்வியும் நாம் எழுதியதும் பொருந்தாவிட்டால் ஜாப் அங்கேயே நின்றுவிடும். அருமையான வசதி, ஆனால் இயல்பாக அது ‘எச்சரிக்கை மட்டும்’ என்ற நிலையில்தான் வருகிறது! அதாவது பொருந்தாவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்காக இப்படி வைத்தார்கள் என்று கேட்டேன், பழைய ஃபைல்கள் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் தடுமாறக் கூடாதாம். நிறுவிய அன்றே அதை ‘நிறுத்து’ என்று மாற்றுங்கள்.

தேதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாப் ஃபைலில் தேதியை நேரடியாக எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ஒருநாள் மாட்டுவார். இதில் தேதிக்கென்று தனிக் குறிச்சொற்கள் இருக்கின்றன, இன்றைய தேதி, நேற்று, முந்தைய வேலை நாள், மாதத்தின் கடைசி நாள் என்று. ‘நேற்று’ வேறு, ‘முந்தைய வேலை நாள்’ வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது, திங்கட்கிழமை இரண்டுக்கும் இரண்டு நாள் வித்தியாசம். மாதக் கடைசி என்ற குறிச்சொல் 28, 29, 30, 31 என்று தானே பார்த்துக்கொள்கிறது, மாதத்தின் கடைசி நாள் ஞாயிறாக வந்தால் டிவிடெண்டை எந்தத் தேதியிட்டு ஏற்றுவது என்பதைத் தனியாகச் சொல்லலாம். இந்தப் பகுதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ஜனவரியில் 1099-ஐஎன்டி வரிப் படிவம் எடுக்கும் ஜாபைக்கூட, வருடத்தில் 10 டாலரும் அதற்கு மேலும் டிவிடெண்ட் வாங்கியவர்களுக்கு ஜனவரி 31-க்குள் அனுப்ப வேண்டியது, ஒரு தேதிகூட எழுதாமல் ஓட்டுகிறோம். அதை நவம்பரிலேயே டெஸ்ட் சர்வரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது எங்கள் பழக்கம்.

அப்புறம் ஷெட்யூலர், எந்த ஜாபை எப்போது கிளப்புவது என்று பார்க்கும் பகுதி. இங்கேதான் நட்சத்திரங்களைப் பிடுங்கப் போகிறேன்.

இதன் மூளை கடிகாரம். எந்த நேரத்துக்கு ஓட வேண்டும் என்று கேட்கிறது, எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்பதை மூன்றாவது திரையில், ‘கூடுதல் விருப்பங்கள்’ என்பதற்குள் ஒளித்து வைத்திருக்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தப்பு இதனால்தான்: 11 மணிக்கு ஏசிஎச் போஸ்டிங், அது வழக்கமாக இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் 11:30-க்கு அடுத்த ஜாப் என்று போட்டுவிடுவார்கள். பல மாதம் அழகாக ஓடும். மாதம் முதல் தேதியும் சம்பள நாளும் ஒன்றாக வரும் ஒரு இரவில் ஃபைல் மூன்று மடங்கு பெரிதாக வரும், போஸ்டிங் பாதியில் இருக்கும்போதே அடுத்தது கிளம்பிவிடும். எங்கள் ஜாப்களில் ஐந்தாறைத் தவிர மீதி எல்லாவற்றிலும் நேரத்தையே எடுத்துவிட்டோம், முன்னால் ஓடியது நல்லபடி முடிந்ததா, ஃபைல் வந்ததா என்பது மட்டும்தான் நிபந்தனை. அந்த ஐந்தாறும் வெளியுலகக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. அன்றைக்கே பணம் கைமாறும் ஏசிஎச் ஃபைல்களை ஃபெடுக்கு (அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ்) அனுப்பக் கடைசி நேரம் கிழக்கு நேரப்படி காலை 10:30, மதியம் 2:45, மாலை 4:45, அதை நம்மால் பேசி மாற்ற முடியாது.

கடிகாரத்தை நம்பினால் வரும் இன்னொரு வம்பு நேரமாற்றம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி நேரே 3 மணியாகிவிடும், நவம்பர் முதல் ஞாயிறு 2 மணியானதும் மறுபடி 1 மணியாகும். அப்படியென்றால் 2:30-க்குப் போட்ட ஜாப் மார்ச்சில் ஓடவே ஓடாது, 1:30-க்குப் போட்டது நவம்பரில் இரண்டு தடவை ஓடும். நல்ல ஷெட்யூலர்கள் இதைத் தானே சமாளிக்கும். இது சமாளிக்கவில்லை. என் முதல் நவம்பரில் கடன் தாமதக் கட்டணம் போடும் ஜாப் இரண்டு தடவை ஓடி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டோம். சப்போர்ட்டில் கேட்டால், ‘அந்த ஒரு மணி நேரத்தில் எதையும் ஷெட்யூல் செய்யாதீர்கள் என்று கையேட்டில் இருக்கிறதே’ என்கிறார்கள். இருக்கிறது, பின்னிணைப்பில்.

நேரம் எழுதும் முறையை, யுனிக்ஸ் கணினிகளில் நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரானிடமிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள், அதன் பழைய பொறியையும் சேர்த்து. தேதிக் கட்டத்தில் 1 என்றும் கிழமைக் கட்டத்தில் திங்கள் என்றும் எழுதினால், ‘முதல் தேதி திங்களாக இருந்தால்’ என்றுதான் யாரும் நினைப்போம். கிரான் அதை ‘முதல் தேதி அல்லது எந்தத் திங்களாக இருந்தாலும்’ என்று எடுத்துக்கொள்ளும். கிரான் தெரிந்தவர்களே இதில் வழுக்குவார்கள், திரையில் ஒரு எச்சரிக்கை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

விடுமுறைக் காலண்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. மென்பொருளோடு ஒரு காலண்டர் வருகிறது, ‘அரசு விடுமுறை’ என்று பெயர். அரசு அலுவலகங்களில் விடுமுறை சனிக்கிழமை வந்தால் முந்தைய வெள்ளி விடுப்பு விடுவார்கள். ஃபெடரல் ரிசர்வ் வங்கிகள் அப்படிச் செய்வதில்லை: சனியில் வந்தால் வெள்ளி வழக்கம்போல் வேலை நாள், ஞாயிறில் வந்தால் மட்டும் திங்கள் விடுமுறை. 2026-ல் ஜூலை 4 சனிக்கிழமை. இந்தக் காலண்டரை நம்பினால் ஜூலை 3 அன்று நம் ஜாப்கள் தூங்கும், ஆனால் ஏசிஎச் ஃபைல்கள் வந்து குவியும். பணமில்லாத டெபிட்களை இரண்டு வங்கி நாளுக்குள் திருப்ப வேண்டும், அந்த இரண்டில் ஒன்று இப்படியே போய்விட்டால் நஷ்டம் நம் தலையில். ஜூன்டீன்த் (ஜூன் 19) விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள், 2021 ஜூன் 17 அன்று சட்டமானது, அந்த வருடம் 19-ஆம் தேதி சனி, அதனால் 18 வெள்ளி அரசு அலுவலகங்கள் மூடின, ஃபெட் திறந்திருந்தது. ஒரே ராத்திரியில் காலண்டர் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். நாங்கள் வந்த காலண்டரைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, ஃபெட் வெளியிடும் பட்டியலைப் பார்த்து சொந்தமாக ஒன்று செய்து, எல்லா ஜாப்களையும் அதற்கு மாற்றிவிட்டோம். டிசம்பர் முதல் வாரம் இருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறோம்.

ஃபைல் வந்ததா என்று பார்க்கும் வசதி பரவாயில்லை ரகம். ஃபைல் பெயர் தெரிந்ததுமே ஜாபைக் கிளப்பிவிடும், முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. ஃபைலின் அளவு இரண்டு நிமிடம் மாறாமல் இருந்தால்தான் கிளம்பு என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆன் செய்தோம், அதோடு சொந்தமாக ஒரு சின்ன ஸ்கிரிப்டும் முன்னால் வைத்தோம். நாச்சா ஃபைலின் (ஏசிஎச் ஃபைலைத்தான் அப்படிச் சொல்வோம்) அமைப்பு அதற்கு வசதியானது. ஒவ்வொரு வரியும் சரியாக 94 எழுத்து, 1-ல் தொடங்கும் தலைப்பு வரி, 9-ல் தொடங்கும் முடிவு வரி, மொத்த வரிகள் பத்தின் மடங்காக வர வேண்டும் என்பதற்காகக் கடைசியில் வெறும் 9-களை நிரப்பி வைப்பார்கள். முடிவு வரியில் மொத்த டெபிட், மொத்த கிரெடிட் இருக்கும். ஸ்கிரிப்ட் அதைக் கூட்டிப் பார்த்து ஒத்துவந்தால்தான் போஸ்டிங்கைத் தொட விடும். நேற்று போட்ட ஃபைலே மறுபடி வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. ஒரே சம்பள ஃபைல் இரண்டு தடவை ஏறினால் உறுப்பினர்கள் சந்தோஷப்படுவார்கள், செலவும் செய்துவிடுவார்கள்.

ஜாப் முடிந்ததும், நல்லபடி முடிந்ததா என்று சொல்ல வரும் ரிட்டர்ன் கோடை நம்ப வேண்டாம். இதில் உள்ள புரோகிராம்கள் பாதிப் பேர் கணக்கைத் தவிர்த்துவிட்டும் பூஜ்யம், அதாவது பிழை இல்லை, என்று சொல்லிவிட்டு நிம்மதியாக முடியும். தவிர்த்தவை ஒரு விதிவிலக்கு ரிப்போர்ட்டில் போய்ச் சேரும், அந்த ரிப்போர்ட்டை யாரும் திறக்காவிட்டால் சேர்ந்த இடத்திலேயே கிடக்கும். லாகில் சில சொற்களைத் தேடி, இருந்தால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்படி ஜாபில் எழுதலாம், அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எழுத வேண்டியது நாம்தான்.

இவ்வளவு திட்டிய பிறகும் நாங்கள் இதை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ரீஸ்டார்ட். ஒரு ஜாப் ஃபைலில் பன்னிரண்டு படி இருந்து ஏழாவதில் விழுந்தால், ஏழிலிருந்து தொடங்கலாம், எட்டிலிருந்து தொடங்கலாம், எந்தப் படியை மறுபடி ஓட்டவே கூடாது என்று முன்கூட்டியே பூட்டியும் வைக்கலாம். போஸ்டிங் படிகள் அத்தனையையும் பூட்டி வைத்திருக்கிறோம், அரைத்தூக்கத்தில் ஒருவர் தப்பான பட்டனை அழுத்தினாலும் இரண்டாவது ஆளின் அனுமதி இல்லாமல் ஓடாது. எங்கே நின்றது, அதற்குள் எந்தெந்தக் கணக்கு வரை போனது என்று தெளிவாகக் காட்டுகிறது. 2012 ஜூனில் பிரிட்டனில் ஆர்பிஎஸ் (ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து) குழும வங்கிகளுக்கு நேர்ந்தது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் மறக்காது. பேட்ச் ஷெட்யூலர் மென்பொருளின் அப்கிரேடில் பிரச்சினை வந்து, அதைப் பின்வாங்கப் போய் இரவு ஓட்டம் மொத்தமும் சிக்கி, 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், 2014-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுண்ட் அபராதம் போட்டன. அவ்வளவு பெரிய வங்கிக்கே எங்கே விட்டோம் என்று தேடி எடுக்க நாள் கணக்கில் ஆனது. அதைப் படித்த பிறகு வாங்கும் மென்பொருளில் நான் முதலில் கேட்பது, ‘பாதியில் நின்றால் என்ன காட்டும்?’ என்பதைத்தான். டெமோவில் ஒரு ஜாபை வேண்டுமென்றே கொன்றுவிட்டு எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள், விற்பனைக்கு வந்தவர் முகத்தைப் பாருங்கள்.

பாதுகாப்பில் ஒரு அசிங்கம்: ஃபைல் அனுப்பும் ஜாப்களில் கடவுச்சொல்லை அப்படியே எழுத்தாக எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது, கையேட்டின் உதாரணத்திலேயே அப்படித்தான். தனியாகப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ஃபைலை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறும் மென்பொருளில் கிடையாது. டெக்ஸ்ட் ஃபைல்தானே, அத்தனையையும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் போட்டு வைத்துவிட்டோம், ஆடிட்டர் வந்து கேட்டால் திறந்து காட்டுகிறோம், அவரும் திருப்தியாகப் போகிறார்.

சப்போர்ட் சுமார். பகலில் போன் எடுப்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், இரவில் எடுப்பவர் டிக்கெட் எண் மட்டும் கொடுப்பார். பேட்ச் ஓடுவது இரவில்.

ஜாப் ஃபைலுக்கும் ரீஸ்டார்டுக்கும் ஐந்துக்கு நாலரை, ஷெட்யூலருக்கு இரண்டு, அதோடு வந்த காலண்டருக்கு ஒன்றுகூட அதிகம். இரவு ஓட்டத்தைப் பார்க்க ஒரே ஆள் மட்டும் இருக்கும் சின்ன கிரெடிட் யூனியன் என்றால் இதை வாங்க வேண்டாம், மேலே சொன்ன அத்தனை ஆணிகளையும் பிடுங்க உங்களுக்கு நேரம் இருக்காது. இரண்டு மூன்று பேர் இருந்து, ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் வாங்கலாம், தாராளமாக. நேரமாற்றத்துக்குத் தீர்வு கேட்டு நான் போட்ட டிக்கெட்டுக்கு ‘அடுத்த ரிலீஸில் பரிசீலிப்போம்’ என்று மூன்றாவது தடவையாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை எங்களிடம் அதிகாலை 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் நேரம் போட்ட ஜாப் ஒன்றுகூடக் கிடையாது, தாமதக் கட்டண ஜாப் 3:15-க்கு ஓடுகிறது.